ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான்

கேள்வி: எங்கள் பகுதி ஏரியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் தூர் வாரினார்கள். சுற்றிலும் கரை எழுப்பி, நடைபாதை போட்டு, விளக்குக் கம்பங்கள் நட்டு, நடுவில் நீரூற்றும் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். இப்போது பக்கத்தில் போக முடியாத நாற்றம். ஆகாயத்தாமரை பாதி ஏரியை மூடிவிட்டது. முதல் மழைக்கு மறுநாள் மீன்கள் செத்து மிதந்தன. போதாக்குறைக்கு டிசம்பரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இன்னும் ஐந்தடி தூர் வாரினால் இரண்டு பிரச்சினையும் தீருமா? உங்களைப் போன்ற பத்திரிகைகள் அரசை வற்புறுத்தினால் என்ன?
– ஒரு வாசகர், சென்னைப் புறநகர்

பதில்: ஏரியின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். நான்தான் எடுத்துவிட்டேன். தாம்பரம் பக்கத்திலோ அம்பத்தூர் பக்கத்திலோ போரூர் பக்கத்திலோ எந்த ஏரியின் பெயரைப் போட்டு அச்சிட்டாலும் அந்த ஊர்க்காரர் தம் ஏரி என்றுதான் படிப்பார்.

ஐந்தடி தூர் வாரினால் தீராது. பத்தடி வாரினாலும் தீராது. நாற்றத்துக்கும் வெள்ளத்துக்கும் காரணம் ஏரியின் ஆழத்தில் இல்லை, நீங்கள் கைதட்டித் திறந்துவைத்த அந்தச் சுற்றுக் கரையில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் தெருவில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சீமையில் நம் முன்னோர் வெட்டிய எந்த ஏரியையும் கிராம வரைபடத்தில் பாருங்கள். கரை பிறை மாதிரி ஒரு பக்கம்தான் வளைந்திருக்கும். அது தாழ்ந்த பக்கம். மதகும், ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் கலங்கலும் அங்கேதான். எதிர்ப்பக்கம், அதாவது மேட்டுப்புறம், கரையே இருக்காது. நிலம் மெல்லச் சரிந்து வந்து தண்ணீருக்குள் இறங்கும். மழை பெய்தால் மேட்டில் விழுந்த நீர் புல்லிலும் கோரையிலும் புகுந்து, வண்டலைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டு, அகலமாக வந்து சேரும். வடிகட்டி என்று தனியாக ஒன்று வைக்கவில்லை; அந்தச் சரிவே வடிகட்டி.

இப்போது என்ன செய்கிறோம்? அரை வட்டத்தை முழு வட்டமாக்கி ஏரியைக் கிணறாக்கி விடுகிறோம். நடைபயிற்சிக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மேட்டுப்புறத்து நீர் அந்தக் கரையில் முட்டி உங்கள் தெருவில் நிற்கிறது. ஏரிக்குள் நுழைய அதற்கு விட்டிருக்கும் ஒரே வழி, கரைக்கு அடியில் போட்ட சிமென்ட் குழாய். அந்தக் குழாயின் மறுமுனை மழைநீர் வடிகால்.

அந்த மறுமுனை ஒன்றை நேரில் பார்த்தேன். சித்திரை வெயில் காலம். மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல். காலை ஏழு மணிக்குப் புறநகர் ஏரி ஒன்றின் நடைபாதையில் நின்றிருந்தேன். மூன்றடி அகல வடிகாலின் வாயிலிருந்து கணுக்கால் அளவுக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் சோப்பு நுரை, அதில் ஒட்டிய கறிவேப்பிலை, சோற்றுப் பருக்கை, ஷாம்பு பாக்கெட். பக்கத்தில் ஒரு மடையான் நின்றிருந்தது (கொக்கைச் சொல்கிறேன், மடை திறக்கும் ஆளை இந்த ஊரில் பார்த்து வெகுகாலம் ஆகிறது). ஏழரை மணிக்கு நீரின் வேகம் கூடியது. எட்டு மணிக்கு இன்னும் கூடியது. ஒன்பதரைக்குத் தணிந்தது. மேகம் ஒன்றுகூட இல்லாத வானத்தின் கீழே, ஊர் குளித்து முடிக்கும் நேரத்தை அந்த மழைநீர் வடிகால் கடிகாரம் போலக் காட்டியது.

உங்கள் ஏரியின் நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. சோப்புத் தூளிலும் மலநீரிலும் இருக்கும் பாஸ்பரசும் நைட்ரஜனும் ஆகாயத்தாமரைக்கு உரம். அதை அள்ளி லாரியில் ஏற்றுவது தலைவலிக்குத் தலையணையை மாற்றும் கதை. உரம் வந்துகொண்டே இருக்கும்வரை அதுவும் வந்துகொண்டே இருக்கும். மீன்கள் செத்த கதையும் இதுவே. மாதக்கணக்காக வடிகாலின் அடியில் தங்கிய சேற்றை முதல் மழை மொத்தமாகப் பெயர்த்து ஏரியில் தள்ளுகிறது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கின்றன. மேகமூட்டத்தில் பாசியும் ஆக்சிஜனைக் குறைவாகவே தருகிறது. விடியற்காலையில் அளவு அடிமட்டத்துக்குப் போகிறது. மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு வரும். யாரோ இல்லை, எல்லோரும்தான்.

இனி வெள்ளம். ஏரி வெள்ளத்தைத் தாங்குவது அதன் ஆழத்தால் அன்று, காலி இடத்தால். நீர்மட்டத்துக்கும் கலங்கலுக்கும் நடுவே எத்தனை அடி காலியாக இருக்கிறதோ அதுதான் மழைக்கு ஏரி தரும் இடம். அந்தக் காலத்து ஏரி கோடையில் வற்றும், தரை வெடிக்கும், மாடு மேயும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும்போது ஏறத்தாழ முழு ஏரியும் காலியாக இருக்கும். இப்போது வருடம் முழுவதும் கழிவுநீர் வந்து நிற்பதால் ஐப்பசி பிறக்கும்போதே ஏரி கழுத்தளவு நிரம்பியிருக்கிறது. ‘கோடையிலும் தண்ணீர் வற்றாத ஏரி’ என்று பெருமைப்படுகிறார்களே, அது என்ன தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. கலங்கலுக்குக் கீழே ஐந்தடி வெட்டினால் அந்த ஐந்தடியிலும் அதே நீர்தான் நிற்கும்.

நிரம்பியது வெளியே போகவும் வழி வேண்டும். நம் ஏரிகள் தனி ஏரிகள் அல்ல, சங்கிலி. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, அங்கிருந்து இரட்டை ஏரிக்கு. தெற்கே கீழ்க்கட்டளை நிரம்பினால் நாராயணபுரத்துக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு, பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடல். 2022இல் பள்ளிக்கரணையில் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நல்லது, ஆனால் அதற்கு மேலே உள்ள கால்வாய்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறோம். போட வேண்டிய சண்டைதான். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன; அவையும் மூழ்கின. அங்கே வந்த வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கத்தின் மதகைக் கைகாட்ட முடியாது. மேற்கே இருக்கும் ஏரிகளும், இடையில் காணாமல்போன கால்வாய்களும் சேர்ந்து அனுப்பிய தண்ணீர் அது.

கால்வாய் எப்படிக் காணாமல் போகும் என்கிறீர்களா? நண்பர் ஒருவர் மனை வாங்கியபோது பழைய கிரயப் பத்திரங்களைப் படித்துப் பார்க்கச் சொன்னார். மூலப் பத்திரத்தில் நான்கெல்லை இப்படி இருந்தது: ‘வாய்க்காலுக்குக் கிழக்கு.’ அடுத்த பத்திரத்தில், அதே மனைக்கு, ‘இருபதடிச் சாலைக்குக் கிழக்கு.’ இரண்டுக்கும் நடுவே யாரும் எதையும் இடிக்கவில்லை, யாரையும் விரட்டவில்லை. எழுத்தர் ஒருவர் ஒரு சொல்லை மாற்றி எழுதினார், அவ்வளவுதான். நண்பர் மனையை வாங்கிவிட்டார். மழைக்காலத்தில் அந்தச் சாலை மறுபடி வாய்க்காலாகிவிடுகிறது என்று இப்போது என்னிடமே குறைப்படுகிறார்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. தியாகராய நகர் 1920களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். மேற்கு மாம்பலத்தில் இன்னமும் லேக் வியூ ரோடு இருக்கிறது. ரோடு மட்டும்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் தெருவுக்கு வருவோம். உங்கள் கடிதம் இரண்டு பக்கம். ஏரி, ஒப்பந்ததாரர், கவுன்சிலர், மீன், கொசு எல்லாம் இருக்கின்றன. உங்கள் குடியிருப்பின் கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒரு வரி இல்லை. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. எல்லைக்கல்லை நகர்த்துகிற வேகத்தில் பாதாளச் சாக்கடை போடப்படவில்லை. சாக்கடை வராத இடத்தில் தொட்டி நிரம்பினால் லாரி கூப்பிட வேண்டும், லாரிக்குப் பணம் தர வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக நாலு அங்குலக் குழாய் ஒன்றை மழைநீர் வடிகாலில் சொருகிவிட்டால் மாதச் செலவு மிச்சம். அப்படிச் சொருகிய குழாய் உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். உங்கள் வரிசையில் ஒன்றுகூட இல்லை என்று சத்தியம் செய்வீர்களா?

இன்னொரு கணக்கு. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ 22,000 லிட்டர். கோடையில் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு. மண் தரையாக இருந்தபோது அதில் ஒரு பங்கை நிலம் குடித்தது. இப்போது வாசல்வரை சிமென்ட் போட்டு அத்தனையையும் தெருவுக்குத் தள்ளுகிறோம். 2003இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். உங்கள் மாடிக் குழாயின் கீழே இருக்கும் தொட்டியின் ஜல்லியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?

அரசை வற்புறுத்தச் சொல்கிறீர்கள். வற்புறுத்துகிறேன், ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது? ஏரி நீர்வளத்துறையுடையது. வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர் குடிநீர் வாரியத்துடையது. மேட்டில் மனைக்கு அனுமதி தருவது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். வாய்க்கால் புறம்போக்கா இல்லையா என்று சொல்வது வருவாய்த்துறை. தண்ணீருக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டுமானத்துக்குப் பெருந்திட்டத்திலேயே தனிக் கட்டுப்பாடு உண்டு. அது குடிநீர் ஏரி என்பதால். உங்கள் ஏரி யாருக்கும் குடிநீர் தரவில்லை, ஆகவே அதன் மேட்டுப்புறத்துக்குக் கேட்பார் இல்லை. அரசிடம் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்: ஏரிக்கு வேலி வேண்டாம், நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வரைபடம் வேண்டும். மேட்டுப்பக்கத்துக் கரையை வெட்டித் திறந்து, வடிகால் வாய்களின் முன்னே வண்டல் குழியும் கோரையும் சம்பும் வளரும் ஆழமற்ற திட்டும் வேண்டும். நடைபாதை அந்த இடத்தில் சிறு பாலமாகப் போகட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

உடனே சோழர் பெருமைக்குப் போய்விடுவேன் என்று பயப்பட வேண்டாம். ஒரே ஒரு செய்தி. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது என்று எல்லோரும் மேடையில் பேசுகிறார்கள். அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியில்லை என்று இருப்பதை மட்டும் ஏனோ யாரும் பேசுவதில்லை.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மழை இல்லாத ஒரு காலையில் ஏழு மணிக்கு உங்கள் ஏரியின் வடிகால் வாய்கள் ஒவ்வொன்றிலும் போய் நில்லுங்கள். எதில் தண்ணீர் ஓடுகிறது, எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓடுகிற வடிகாலைப் பிடித்துக்கொண்டு மேடேறி நடந்து, மூடி பெயர்ந்த இடங்களில் எட்டிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் குழாய் எந்தச் சுவரிலிருந்து இறங்குகிறது என்பது தெரியும். அதோடு உங்கள் மனையின் மூலப் பத்திரத்தில் நான்கெல்லையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டையும் எழுதி அனுப்பினால் அந்த ஏரியின் பெயரோடு, உங்கள் தெருவின் பெயரையும் சேர்த்தே அச்சிடுகிறேன்.