படிவுப் பாறைகளின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? அதை வைத்து ஆதிகாலக் கடல்நீரைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

எம்.எஸ்சி. நிலவியல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். "பாறையில இருக்கிற சிர்கான் மணியோட (சிர்கான்ங்கிற கனிமத் துகளோட) வயசப் பார்க்கலாம் சார்" என்றேன். "அது மணியோட வயசு. பாறையோட வயசு எங்கப்பா?" என்றார் தேர்வாளர்.

நியாயம்தான். செட்டிநாட்டுப் பழைய கதவை வாங்கிப் புது வீட்டில் மாட்டினால், கதவின் வயது வீட்டின் வயதாகிவிடுமா? மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பாறைக்குச் சுமார் 300 கோடி வயது. அதற்குள் கிடக்கும் சில சிர்கான்களுக்கோ 440 கோடி.

படிவுகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் அடுக்கு இருந்தால் வேலை எளிது. படிவு சேரும்போதே விழுந்த அந்தச் சாம்பலோடு வந்த சிர்கானை யுரேனியம்-ஈயம் முறையில் (யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று பார்த்து) கணித்தால் போதும்.

சாம்பல் இல்லாத இடத்தில் கைகொடுப்பது கரிமம் நிறைந்த கருப்புக் களிப்பாறை. கடல்நீரில் கரைந்திருந்த ரீனியம் என்ற உலோகம் அந்தச் சேற்றில் தங்கிவிடும். அதில் ரீனியம்-187 மெல்ல மெல்ல ஆஸ்மியம்-187 என்ற வேறொரு உலோகமாக மாறும். அரை ஆயுள் (பாதி மாறி முடிய ஆகும் காலம்) 4,000 கோடி ஆண்டுக்கும் மேல். ஒரே அடுக்கின் பல துண்டுகளை அளந்து வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். கோட்டின் சாய்விலிருந்துதான் வயது கிடைக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் மெக்ரே களிப்பாறையில் புவிவேதியியலாளர் ஏரியல் அன்பரின் குழு 2007-இல் இப்படிச் செய்தது. மாதிரி எடுத்தது ஆழ்துளையிலிருந்து. மேற்பரப்புப் பாறையை இன்றைய காற்றும் மழையும் கெடுத்து வைத்திருக்கும். கிடைத்த வயது 250.1 கோடி, கூடக்குறைய 80 லட்சம். அதே அடுக்கில் மாலிப்டினம் என்ற உலோகமும் கூடியிருந்தது. நிலத்துப் பாறைகளிலிருந்து அது கரைந்து கடலுக்கு வர ஆக்ஸிஜன் வேண்டும். ஆக, காற்றில் ஆக்ஸிஜன் நிலைப்பதற்குக் குறைந்தது 5 கோடி ஆண்டு முன்பே அது லேசாக எட்டிப் பார்த்திருக்கிறது என்றார்கள்.

2022-இல் வேறொரு குழு இதை மறுத்தது: அந்த மாலிப்டினம் எரிமலைத் துகள்களிலிருந்து, பிற்பாடு ஊடுருவிய நீரால் வந்ததாம். எனக்கு அன்பர் பக்கம்தான் மனம் சாய்கிறது. பிற்காலத்து நீர் அந்த உலோகங்களையெல்லாம் கலைத்துப் போட்டிருந்தால், ரீனியப் புள்ளிகள் மட்டும் எப்படி ஒரே கோட்டில் நின்றன?