துப்பட்டா கட்டிய முயல்

கேள்வி: என் ஆறு வயது மகன் பக்ஸ் பன்னி கார்ட்டூன் பார்த்துவிட்டு, என் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, லிப்ஸ்டிக் பூசி, தாத்தாவின் முன் இமைகளைப் படபடவென்று அடித்தபடி நடந்தான். “ஆண்பிள்ளையா நீ?” என்று அவர் அதட்டியதும், உள்ளே போய்த் தலையணை உறையில் உதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இனி இந்தக் கார்ட்டூன்களை நிறுத்திவிடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள சகோதரி, நிறுத்த வேண்டாம். அந்தத் தலையணை உறையைப் பற்றிப் படித்ததும் மனம் கனத்துவிட்டது.

அந்த முயல் எதற்காகப் பெண் வேடம் கட்டுகிறது என்று பாருங்கள். துப்பாக்கியோடு துரத்தும் வேட்டைக்காரர் எல்மர் ஃபட்டிடமிருந்து தப்பிக்கத்தான். 1952-இல் வந்த ‘ராபிட் சீசனிங்’கில், அது முயல்தான் என்று டாஃபி என்னும் வாத்து தலைப்பாடாக அடித்துக்கொண்டாலும் வேட்டைக்காரர் மயங்கி நிற்கிறார். 1957-இல் சக் ஜோன்ஸ் இயக்கிய ‘வாட்ஸ் ஆபரா, டாக்?’கில் இது இன்னும் அழகு. ஜெர்மானிய இசைமேதை வாக்னரின் இசைநாடக நாயகியாக, பொன்னிறப் பின்னல்களோடு கொழுத்த வெள்ளைக் குதிரையில் வருகிறது முயல். இருவரும் ஆடுகிறார்கள், காதலைப் பாடுகிறார்கள். தலைக்கவசம் கழன்று விழுகிறது. நீண்ட காதுகள் தெரிகின்றன. வேட்டைக்காரரின் காதல் அந்த நொடியே கோபமாகிறது. நாம் சிரிப்பது ஏமாந்தவரைப் பார்த்துத்தான். முயலுக்குத் தன் வேடத்தைப் பற்றித் துளியும் கூச்சமில்லை. உங்கள் மகன் பிடித்துக்கொண்டது அந்தத் துணிச்சலை. அவன் சரியான இடத்தில்தான் சிரித்திருக்கிறான்.

எல்லாப் படங்களும் இப்படியல்ல. 1950-இல் வந்த ‘ராபிட் ஆஃப் செவில்’ முடிவில் எல்மரே மணப்பெண் உடையில் வந்து நிற்கிறார். முயல் அவரைத் தூக்கிப்போய் உயரத்திலிருந்து கேக்கில் போடுகிறது. இசை அபாரம். ஆனால், ஓர் ஆணுக்குச் சேலையோ கவுனோ கட்டிவிட்டாலே அவமானம் என்ற பழைய எண்ணமும் அந்தச் சிரிப்பில் கலந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அதைப் பார்க்கும்போது அவன் அருகில் இருங்கள், கேட்டால் பேசுங்கள்.

மாமனாரோடு வாதம் வேண்டாம். ‘வாட்ஸ் ஆபரா, டாக்?’ ஏழு நிமிடம்கூட ஓடாது. பேரனை அவர் மடியில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். முதலில் இன்றிரவு, “நீ நடந்தது அழகாக இருந்தது” என்று மகனிடம் சொல்லிவிடுங்கள். துப்பட்டாவைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். அவன் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.