கேமரா கேள்வி பதில்: கறுப்பு வெள்ளையில் பனி

கேள்வி: பனிவெளியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பனி அழுக்குச் சாம்பலாக விழுகிறது. எடிட்டிங்கில் வெளிச்சத்தைக் கூட்டினால் வெற்றுத் தாள் மாதிரி வெளுத்துப்போகிறது. என்ன செய்வது?

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சாம்பல் நிறம், கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரால் வருவது. எதிரே எது இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் மீட்டர் கணக்குப் போடும். புதுப்பனியோ தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே மீட்டர் கணக்கைவிட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஏற்றுங்கள். ஃபிரேம் முழுக்க வெயில் பட்ட பனி என்றால் +1.7 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). பாறையும் மரமும் பாதி இடத்தைப் பிடித்திருந்தால் +0.7 போதும். படத்தின் இருள், வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை நெருங்கலாம், முட்டக் கூடாது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள். மோனோக்ரோம், அதாவது கறுப்பு வெள்ளைக் காட்சி, கேமராவின் திரையில் மட்டும் இருக்கட்டும்.

வெற்றுத் தாள் ஆவதற்குக் காரணம் வெளிச்சம் வரும் திசை. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் பனியில் நிழலே விழாது. நிழல் இல்லாமல் பனிக்கு உருவமில்லை. காலையிலோ மாலையிலோ, சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் நிற்கும்போது எடுங்கள். காற்று செதுக்கிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் கிடைக்கும். தெளிந்த வானத்தின் ஒளி மட்டுமே படுவதால் அந்த நிழல் நீலமாக இருக்கும். எடிட்டிங்கில் நிறத்தை நீக்கும்போது நீல ஸ்லைடரைக் குறைத்தால் நிழல் அடர்ந்து வரிகள் எழும்பி வரும். அளவு மீறினால் வானத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸும், மலை விளிம்பில் வெள்ளைக் கோடும் வந்துவிடும்.

ஃபிலிமில் இதே வேலையை லென்ஸ் முன் மாட்டும் வண்ண ஃபில்டர் செய்யும். மஞ்சளுக்கு 1 ஸ்டாப், அடர் சிவப்புக்கு 3 ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் தேவை. சிவப்பைப் பலரும் விரும்பினாலும் நாங்கள் மஞ்சளையே சொல்வோம். சிவப்பில் வானம் கரியாகி, பனியின் மென்மை முழுவதும் போய்விடுகிறது.

கேள்வி: உறைந்த ஏரியின் உள்ளே இருக்கும் விரிசலும் குமிழும் படத்தில் தெரிவதில்லையே?

பதில்: மேற்பரப்பில் வானம் பிரதிபலித்து மறைக்கிறது. பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசரை மாட்டி, பனிக்கட்டியின் பரப்புக்கு ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் கேமராவை வைத்துப் போலரைசரைத் திருப்பிப் பாருங்கள். அந்தக் கோணத்தில்தான் பிரதிபலிப்பு அநேகமாக முழுசாக அடங்கும். மேலே கிடக்கும் தூள்பனியைப் பிரஷால் ஒதுக்குங்கள், கையால் துடைத்தால் உருகி மறுபடி மங்கலாக உறையும். ஃபோகஸைக் கையால், குமிழின்மேல் வையுங்கள். லென்ஸ் துவாரம் எஃப்/11 நல்லது. முக்கியமாக, தெளிந்த பனிக்கட்டி கறுப்பாகத் தெரியும். முன்பு சொன்ன +1.7 இங்கே வேண்டாம். 0-வில் தொடங்கி, வெள்ளை விரிசல் கருகினாலோ வெளுத்தாலோ மாற்றுங்கள்.

தெளிந்த, கெட்டியான பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. தடிமன் இல்லாமல் கால் வைக்காதீர்கள். வெள்ளையாக இருக்கும் பனிக்கட்டிக்கு வலு பாதிதான், அதற்கு இரட்டிப்புத் தடிமன் வேண்டும்.

கேள்வி: குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, அறைக்குத் திரும்பினால் லென்ஸில் நீர் கோக்கிறது.

பதில்: குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிறது. மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துச் சுழற்சியில் மாற்றுங்கள். தீர்ந்ததாகக் காட்டிய பேட்டரியும் சூடானதும் கொஞ்சம் வேலை செய்யும். நீர் கோப்பதைத் தடுக்க, உள்ளே நுழையும் முன்பே கேமராவை ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். மெமரி கார்டை வெளியிலேயே எடுத்துக்கொண்டால் காத்திருப்பு கஷ்டமாக இருக்காது.