ஒரே டிவிடியில் இருபது டிவிடி அடங்குமா?

கேள்வி: எங்கள் தாத்தா நாகஸ்வர வித்வான். அவருடைய கச்சேரிப் பதிவுகள் 20 டிவிடிகளில் உள்ளன. லேசரின் சக்தியைக் கூட்டி நெருக்கமாக எழுதி, அனைத்தையும் ஒரே டிவிடியில் ஏற்றித் தருவதாகக் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, திருவிடைமருதூர்)

பதில்: கொடுக்காதீர்கள். லேசரின் சக்தியைக் கூட்டினால் தகட்டின் கொள்ளளவு கூடாது. நாற்றை நெருக்கி நட வேண்டுமானால் நடுகிற விரல் மெலிதாக இருக்க வேண்டும். இங்கே அந்த விரல், லேசர் ஒளி குவியும் புள்ளி. ஒளியின் அலைநீளம் குறையக் குறைய, குவிக்கும் லென்ஸின் திறன் கூடக் கூட, அந்தப் புள்ளி சிறுக்கும். சிடியில் 780 நானோமீட்டர், டிவிடியில் 650, டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரேயில் 405 என்று அலைநீளம் இறங்கி, லென்ஸின் திறனும் கூடியதால், தடங்களின் (தகட்டில் தகவல் எழுதப்படும் சுருள் கோட்டின் சுற்றுகள்) இடைவெளி 1.6 மைக்ரானிலிருந்து 0.74-க்கும் பிறகு 0.32-க்கும் சுருங்கி, கொள்ளளவு 700 எம்பியிலிருந்து 4.7 ஜிபி, 25 ஜிபி என உயர்ந்தது. டிவிடித் தகட்டின் தடம் தொழிற்சாலையிலேயே வகுக்கப்பட்டுவிடுவதால், எந்த ஸ்டூடியோவிலும் அதை நெருக்க முடியாது.

அப்படியானால் அவர் செய்யப்போவது என்ன? வீடியோவை நசுக்குவார். இருபதில் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தில் தாத்தாவின் விரல்கள் கட்டம் கட்டமாகச் சிதறும். தவிலின் கூர்மை மழுங்கும். சுருக்கும்போது போனது திரும்ப வராது. "ஹை டென்சிட்டி" என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் நடக்கும் இந்த வியாபாரத்தில், கல்யாண வீடியோக்கள் எத்தனையோ பாழாகியிருக்கின்றன.

இரட்டை அடுக்கு டிவிடி இருக்கிறதே என்று அவர் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் அதன் கொள்ளளவு 9.4 ஜிபி இல்லை, 8.5 தான். கீழடுக்கை மேலடுக்கின் ஊடாகப் படிக்க வேண்டியிருப்பதால், பிழையின்றிப் படிப்பதற்காக இரண்டு அடுக்கிலும் பதியும் குறிகளைச் சுமார் பத்து சதவீதம் நீளமாக்கினார்கள். அந்த நீளம் கொள்ளளவில் குறைந்தது. ஆகவே முழுதும் நிரம்பிய இரண்டு டிவிடிகள்கூட அதில் அடங்கா.

உங்கள் இருபதும் ஒற்றை அடுக்கு டிவிடிகள் என்றால், முழுதும் நிரம்பியிருந்தாலும் மொத்தம் 94 ஜிபிதான். மூன்று அடுக்குள்ள 100 ஜிபி பிடி-ஆர் எக்ஸ்எல் என்ற புளூ-ரே வகைத் தகடு ஒன்றில், சுருக்காமல் அப்படியே அடங்கும். ஆனால் பழைய புளூ-ரே ரைட்டர்கள் பலவற்றில் இதை எழுத முடியாது. எக்ஸ்எல் ரைட்டரே வேண்டும். இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லும் கடைக்காரரைக் காண்பது அரிது. கணினியிலிருந்து சிடி, டிவிடி டிரைவையே எடுத்துவிட்டார்கள், சோனி 2025 பிப்ரவரியில் பதிவுசெய்யும் புளூ-ரேத் தகடு தயாரிப்பையே நிறுத்திவிட்டது, அப்படியிருந்தும் ஆவணத்தைச் சிடியில் கொண்டுவா என்று கேட்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. மக்கள் எதை நம்பிச் சேமிப்பது?

ஆகவே ஒவ்வொரு டிவிடியையும் ஐஎஸ்ஓ கோப்பாக (தகட்டில் இருப்பதைச் சுருக்காமல் அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பு) ஹார்டு டிஸ்க்கில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பணம் கொடுக்குமுன் அங்கேயே கணினியில் கோப்பின் அளவையும் தகட்டில் பதிவாகியிருக்கும் தகவலின் அளவையும் ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் நசுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். மற்றொரு ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதியும் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். பழைய இருபது தகடுகளையும் எண்ணி வாங்கிக்கொண்டு, ஐப்பசி ஈரம் ஏறாத இடத்தில் நிறுத்திவைத்துப் பாதுகாத்திடுங்கள்.