மரக்கறிச் சாப்பாட்டில் மாசி: வெளியில் சாப்பிடும் வீகன் வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஹட்டனில் இருந்து வேலை விஷயமாக அடிக்கடி கொழும்புக்கு பஸ்ஸில் போய்வருகிறேன். இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். போன மாதம் வழியில் பஸ் நிறுத்திய கடையில் "மரக்கறிச் சாப்பாடுதானே?" என்று கேட்டுத்தான் வாங்கினேன். பாதி சாப்பிட்ட பிறகு போஞ்சிக் கறியில் மாசித் துண்டு கிடந்தது. முதலாளியிடம் சொன்னால் "வாசத்துக்குத்தான் போட்டது, மீன் இல்லையே" என்கிறார். காசைத் திருப்பிக் கேட்டிருக்கலாமா? இனி எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: தாராளமாகக் கேட்டிருக்கலாம், சகோதரி. மாசி மீன்தான். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகும்வரை காயவைத்து இடிப்பதுதான் மாசி, அதை வாசத்துக்குப் போட்டால் என்ன, ருசிக்குப் போட்டால் என்ன, வயிற்றுக்குள் போவது மீன். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் கேட்டு வாங்குகிற ஆளுக்கு உண்மையைச் சொல்வதில் கடைக்காரருக்கு ஒரு சதமும் நட்டமில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக நம்பவைத்து விற்பதைத் தடைசெய்கிறது. முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பில் கேட்டால் தரவேண்டியது கடைக்காரரின் கடமை, அதனால் பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சோத்துப் பார்சலுக்காக, அதுவும் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும்போது, யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆகவே காசைக் கொடுப்பதற்கு முன்பே விசாரிப்பதுதான் நமக்கு வழி.

"மரக்கறியா?" என்று கேட்காதீர்கள். கல்லாவில் இருப்பவர் ஆமாம் என்றுதான் சொல்வார், அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. ஒவ்வொரு சட்டியாகக் காட்டி "இதில் மாசி போட்டதா?" என்று கேளுங்கள், அதுவும் பரிமாறுகிறவரிடம், முடிந்தால் குசினியில் சமைக்கிறவரிடமே. ஹட்டனைத் தாண்டி கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று இறங்க இறங்க சிங்களத்தில் கேட்கவேண்டி வரும்: "மேகட்ட உம்பலகட தாலா தியெனவாத?" இந்த ஒரு வரியைப் பாடமாக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. கூச்சப்படவே வேண்டாம், மாசி சேராதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அதிகமாக மாசி விழுவது சீனிச் சம்பல், கட்டைச் சம்பல், தேங்காய்ச் சம்பல், கிழங்குப் பிரட்டல், கீரை மல்லுங், போஞ்சி ஆகியவற்றில். பருப்பு பெரும்பாலும் தப்பிவிடும், ஆனாலும் தாளிக்கும்போது ஒரு கை தூவுகிற கடைகள் உண்டு. சொதியில் சில இடங்களில் நெத்தலி கிடக்கும். பலாக்காய்க் கறி, பீட்ரூட், பூசணி எல்லாம் தேங்காய்ப்பாலில் சமைப்பதுதான், அவற்றையும் கேட்டுவிட்டு எடுத்தால் சரி. மீன் கறிக்குப் போட்ட கரண்டியையே பருப்புக்கும் போடுவார்கள், வேறு கரண்டி கேளுங்கள்.

சைவக் கடையில் மாசிப் பயம் இல்லை, அங்கே கவனிக்க வேண்டியது நெய்யும் பாலும் தயிரும். பொங்கல், கேசரி, நெய்த்தோசை தெரிந்த விஷயம். பலர் கவனிக்காமல் விடுவது மோர்மிளகாய், அது மோரில் ஊறிக் காய்ந்ததுதானே. சாம்பாரில் கடைசியாக நெய் விடுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இடியப்பம், பிட்டு, உளுந்து வடை, பருப்பு வடை பொதுவாகப் பயமில்லாதவை, ஆனால் மச்சக் கடையில் வடை பொரிக்கிற எண்ணெயில்தான் மீன் கட்லட்டும் வேகும். கொத்தை மரக்கறி போட்டுத் தரச் சொன்னாலும் தட்டப்படுவது முட்டைக் கொத்துத் தட்டிய அதே கல்லில். பராட்டா மாவில் முட்டையோ பாலோ சேர்க்கிற கடைகளும் இருப்பதால் அதையும் கேளுங்கள். இதில் எதுவரை விடலாம் என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், பயணத்தில் கல்லையும் எண்ணெயையும் பார்த்துப் பட்டினி கிடக்க வேண்டாம், உள்ளே போடுகிற பொருள் சரியாக இருந்தால் சாப்பிடுங்கள்.

கேள்வி: தலவாக்கலையில் இருந்து எழுதுகிறேன். உயர்தரம் படிக்கும் மகள் ஆறு மாதமாக வீகன். காலை ஆறு மணிக்கே கட்டிக் கொடுக்கிறேன், பகல் திறந்தால் சோறு விறைத்து, கறியில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கிறதாம். வெயில் நாளில் தேங்காய்ப்பால் கறி புளித்துவிடுகிறது. சோயா மீட் வாங்கலாமா? சத்துக்கு என்ன செய்வது?

பதில்: அம்மா, தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும், உங்கள் ஊர்க் குளிருக்கு உறையாமல் இருந்தால்தான் அதிசயம். கட்டிக் கொடுக்கிற நாளில் மட்டும் சோயா எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ பாவியுங்கள். பருப்பைத் தேங்காய்ப்பால் விடாமல் இறுக்கமாக அவித்து, வெங்காயம், செத்தல், கறிவேப்பிலை போட்டுத் தாளித்தால் மத்தியானம்வரை தாங்கும். புளிப்பதற்குப் பாதிக் காரணம் சுடச்சுட மூடுவது. ஆவி அடங்கவிட்டு மூடுங்கள்.

ஆனால் சோறுதான் கட்டவேண்டும் என்று யார் சொன்னது? மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோனது ரொட்டியும் சம்பலும்தானே. மாசி போடாவிட்டால் அது முழுக்க முழுக்க வீகன் சாப்பாடு, இன்றைக்குப் பெரிய கடைகளில் விலை போட்டு விற்பதைவிட எவ்வளவோ மேல். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ, உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து, சுடுதண்ணியில் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணித்தியாலம் வையுங்கள். சுட்டதும் துணியில் சுற்றி, சூடு தணிந்த பிறகு பெட்டியில் அடுக்குங்கள், மத்தியானம் பிய்த்தால் மெதுவாகப் பிய்யும். தொட்டுக்கொள்ளத் தேங்காய் சேராத கட்டைச் சம்பல், அதற்குச் செத்தல், வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளி மட்டும். கூடவே தாளிச்ச கடலை.

சோயா மீட் நல்லதுதான், காய்ந்த நிலையில் அதில் பாதியளவு புரதம். வாங்கும்போது பெட்டியின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தை வாசியுங்கள். கோழிச் சுவை, இறால் சுவை என்று வருகிறவற்றின் மசாலாப் பையில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது பொருட்பட்டியலில்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் சுவை சேர்க்காததை வாங்கி வீட்டுத் தூளிலேயே சமையுங்கள், காசும் மிச்சம்.

சத்து விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விட்டமின் பி12 மரக்கறிச் சாப்பாட்டில் நம்பும்படியான அளவில் கிடையாது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. டொக்டரிடமோ பாமசியிலோ கேட்டு மாத்திரை எடுக்கத்தான் வேண்டும், இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு, அது கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தியாவில் இருந்து வரும் பிஸ்கட், மிக்சர் பக்கெட்டுகளில் பச்சைப் புள்ளி இருக்கிறது. வீகன் என்று நம்பி வாங்கலாமா? (பண்டாரவளை)

பதில்: நம்பாதீர்கள். சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், பாலும் நெய்யும் தேனும் இருக்கலாம். வீகன் பொருளுக்கு இந்தியாவில் 2022இல் தனியாகப் பச்சை நிறத்தில் வி எழுத்துச் சின்னம் கொண்டுவந்தார்கள், அது இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் பொருட்பட்டியலில் பால்மா, நெய், பாலில் இருந்து எடுக்கும் வே, கேசீன் இருக்கிறதா என்று தேடுங்கள். பட்டியலில் ஈ (E) என்று தொடங்குபவை சேர்மானங்களின் இலக்கங்கள்: ஈ120 என்றால் பூச்சியில் இருந்து எடுத்த சிவப்பு நிறம், ஈ904 பூச்சி அரக்கு. எண்ணெயும் தண்ணியும் பிரியாமல் இருக்கப் போடுகிற ஈ471 தாவரத்திலும் வரும், மிருகக் கொழுப்பிலும் வரும்.

கேள்வி: எல்லவுக்குச் சிநேகிதர்களோடு போனபோது ஒரு கடையில் "வீகன் மெனு" என்று தனி அட்டை தந்தார்கள். சோறு, பருப்பு, மூன்று மரக்கறிதான் வந்தது, விலையோ ஊர்க் கடையைவிடப் பல மடங்கு. கடைசியில் பத்து வீதமும் சேர்த்தார்கள். இது சரியா? (பதுளை)

பதில்: விலையை அட்டையில் காட்டிவிட்டு வாங்கினால் அது ஏமாற்று இல்லை, இடத்துக்கும் பார்வைக்கும் சேர்த்துத்தான் அங்கே காசு. பத்து வீதச் சேவைக் கட்டணமும் பல ரெஸ்டோரண்டுகளில் எடுப்பதுதான், ஆனால் அட்டையில் எழுதியிருக்கிறதா என்று ஓடர் கொடுக்கும் முன் பாருங்கள். தேங்காய்ப்பாலில் சமைத்த நம்முடைய சாதாரண சோறு கறியைத்தான் அந்தப் பெயரில் விற்கிறார்கள், அந்தப் பெயருக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. சாதாரண அட்டையைக் கேட்டு வாங்கி, மரக்கறிச் சோத்தின் விலையைப் பார்த்து, மாசியும் பட்டரும் இல்லாமல் தருவீர்களா என்று கேளுங்கள். அல்லது நாலு அடி நடந்து, பஸ்காரர்கள் சாப்பிடுகிற கடைக்குப் போய், அங்கே சட்டியைக் காட்டி அதே கேள்வியைக் கேளுங்கள்.