ரேடியோவை அணைத்தாலும் காரின் ஆன்டெனா உள்ளே இறங்கவில்லை. மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மேலே ஏறும் ஆன்டெனா கீழே இறங்கவில்லை என்றால், மோட்டாருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் ரேடியோவை அணைக்கும்போது ஆன்டெனாவுக்கு அருகில் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கம்பி அசையாவிட்டால், அதைத் தள்ளி இழுக்கும் பல் வைத்த நைலான் கயிறு அறுந்திருக்கும். அறுந்த கயிறு கம்பியை மேலே தள்ளிவிடும். கீழே இழுக்க அதனால் முடியாது. மோட்டார் திணறிக் கடகடத்தால், கம்பி வளைந்திருக்கும் அல்லது அழுக்கேறி இறுகியிருக்கும். துடைத்து, மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவுங்கள். கிரீஸ் வேண்டவே வேண்டாம். புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சத்தமே இல்லாதபோதுதான் பலர் வீணாகப் பணத்தை இழக்கிறார்கள். என்னிடம் இருந்தது 1990-களில் வந்த ஜப்பானியக் கார். புது ஸ்டீரியோ மாட்டிய நாளிலிருந்தே ஆன்டெனா இறங்கவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது, முழுவதும் மாற்ற வேண்டும் என்றார்கள். நேற்றுவரை ஓடிய மோட்டார் ஸ்டீரியோ மாற்றிய அன்றா எரியும்? என் மனம் ஒப்பவில்லை.

பெரும்பாலான ஆன்டெனாக்களுக்கு வரும் வயர்கள் மூன்று: பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் தருவது, பாடிக்குப் போகும் எர்த், ரேடியோவிலிருந்து வரும் சிக்னல். சிக்னல் வந்தால் ஏறும். சிக்னல் நின்றதும் ரிலே என்ற மின்சார சுவிட்ச் மோட்டாரைத் திருப்பி ஓட்ட, பேட்டரி மின்சாரத்தில் இறங்கும். ஆகவே ஆன்டெனா மேலே நிற்கும்போது, சிக்னல் வயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். நான் கழற்றியதும் அது சரசரவென்று உள்ளே போய்விட்டது! ரேடியோவிலிருந்து வரும் நீல வயரில் சேர்க்க வேண்டியதை, எப்போதும் மின்சாரம் இருக்கும் மஞ்சள் வயரில் முறுக்கியிருந்தார்கள். சாவியோடு மின்சாரம் வரும் சிவப்பு வயரில் சேர்த்திருந்தால், சாவியைத் திருப்பி அணைத்த பிறகுதான் இறங்கும். உங்கள் காரில் அப்படி நடக்கிறதா என்றும் பாருங்கள்.

கழற்றியும் இறங்காவிட்டால், பேட்டரி வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். பிறகு ஃபியூஸ், எர்த் இணைப்பு. இவை சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் மட்டுமே ரிலே அல்லது மோட்டார் மீது சந்தேகப்படலாம்.

கயிறுதான் அறுந்திருக்கிறது என்றாலும் மோட்டாரைத் தொட வேண்டாம். கயிற்றோடு கூடிய கம்பி தனியாகவே கிடைக்கும். மேல் நட்டைக் கழற்றி ரேடியோவைப் போட்டால் பழைய கம்பி வெளியே வந்துவிடும். கயிற்றின் துண்டு உள்ளே தங்கியிருந்தால், பெட்டியைத் திறந்து அதை எடுத்துவிடுங்கள். புதுக் கயிற்றின் பற்கள் பல்சக்கரத்தைப் பார்க்கும்படி நுழைத்து ரேடியோவை அணையுங்கள். மோட்டாரே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.