எஸ்தோனியாவின் கேயோர்க் ஓட்ஸ் யார்? அவரை நடிகர் என்பதா, பாடகர் என்பதா?

இரண்டும்தான். அவர் முதன்மையாக ஓபரா (இசை நாடகம்) பாடகர், ஆண்குரலில் நடுத்தர வகையான பாரிடோன். ஆனால் நடிப்பை விட்டுவிட்டு அவரது பாட்டை மட்டும் பேசினால் பாதி ஓட்ஸைத்தான் சொன்னதாகும்.

1920இல் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பிறந்தார். அப்பா கார்ல் ஓட்ஸும் ஓபரா பாடகர். மகனோ இளமையில் நீச்சல் வீரர். அவரைப் பாட்டின் பக்கம் திருப்பியது இரண்டாம் உலகப் போர். ரஷ்யாவின் யாரோஸ்லாவல் நகரில், போரால் இடம்பெயர்ந்த எஸ்தோனியக் கலைஞர்களின் குழுவில் பாடத் தொடங்கினார். 1944இல் எஸ்தோனியத் தலைநகர் தாலின் திரும்பி 'எஸ்தோனியா' ஓபரா அரங்கின் சேர்ந்திசைக் குழுவில் சேர்ந்தார். முதலில் கிடைத்தவை சின்னச் சின்ன வேடங்கள்தான். பிறகு சைகோவ்ஸ்கியின் ஓபராவில் ஒனேகின், ரூபின்ஸ்டைனின் ஓபராவில் 'டீமன்' என முதன்மை வேடங்கள் வந்தன.

சோவியத் நாடு முழுக்க அவரை வீட்டுக்கு வீடு தெரிந்தவராக்கியது 1958இல் வந்த 'மிஸ்டர் எக்ஸ்' திரைப்படம். இசையமைப்பாளர் கால்மானின் ஓபரெட்டாவை (இலகுவான ஓபரா) தழுவிய கதை. முகமூடி அணிந்த சர்க்கஸ் கலைஞனாக நடித்தார். முகம் பாதி மறைந்திருக்கும்போது குரல்தான் நடிக்க வேண்டும். அந்தத் தனிமையை அவர் குரலில் கொண்டுவந்த விதத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். குரலை உரக்க எழுப்பி மிரட்டுபவர் அல்ல அவர். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடுவார். எஸ்தோனியர்கள் இன்றும் நெஞ்சோடு வைத்திருக்கும் 'சாரெமா வால்ட்ஸ்' பாடலைக் கேளுங்கள், புரியும்.

1960இல் சோவியத் மக்கள் கலைஞர் விருது பெற்றார். மூளைக் கட்டியால் 1975இல் மறைந்தபோது வயது 55.

பின்னர் தாலின்–ஹெல்சிங்கி கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1986இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த அமெரிக்க–சோவியத் உச்சிமாநாட்டின்போது சோவியத் தலைவர் கோர்பச்சேவ் தங்கியது அந்தக் கப்பலில்தான்.